நூற்றெழுபது கல்

மெல்பர்னில் செங்கல் ஆளில்லாமலே வீடு வந்து சேர்கிறது. போன மாதம் வேலையிலிருந்து திரும்பியபோது, வீட்டின் பின்புறம் தளம் போட நான் கேட்டிருந்த கற்கள் பிளாஸ்டிக் சுற்றித் தெருவோரம் நின்றன. இறக்கியவர் இல்லை, கையெழுத்து வாங்கவும் யாரும் இல்லை. பையைக்கூட உள்ளே வைக்காமல் எண்ணத் தொடங்கினேன். எதிர்வீட்டுக்காரர் நாயோடு நின்று பார்த்தார். அவர் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு முறை எண்ணி இரண்டு விதமாக வந்ததால், கடைக்குப் போன் செய்து எத்தனை ஏற்றினீர்கள் என்று கேட்டேன். "குறையுதா? சாரி, இருபது அனுப்பறோம்" என்றார் அங்கிருந்தவர். குறைகிறது என்று நான் சொல்லவே இல்லை. கேலி செய்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் இருபது கல் வந்தது. அப்போதும், இதை விலையில் எங்கே ஏற்றியிருப்பார்கள் என்று பில்லைத் துருவிக்கொண்டிருந்தேன்.

இந்தப் புத்தி எனக்குச் சின்னசேலத்தில் வந்தது. இடஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்ட வருஷங்கள் அவை. பக்கத்தில் நிற்பவர் எந்தப் பக்கம் என்று தெரியாததால் டீக்கடையில்கூடப் பேச்சு அடங்கியிருந்தது. நான் பாலிடெக்னிக்கில் சிவில் முதல் வருஷம். வீட்டுக்குப் பின்னால் நெல் காயவைக்க இருபதுக்குப் பதினைந்தடியில் செங்கல் தளம் போட அப்பா நினைத்தார். கல் விலை, வண்டிக்கூலி, மணல் எல்லாம் போட்டு நான்தான் எழுதிக் கொடுத்தேன்: ஆயிரத்து நூறு கல். "எம் புள்ள போட்ட கணக்கு" என்று எல்லோரிடமும் காட்டிவிட்டு, கல்வராயன் மலையடிவாரத்துச் சூளையில் பணம் கட்டினார்.

டிராக்டரில் ஏற்றி வந்தவர் மாரி. எங்கள் நிலத்தில் கூலிவேலை செய்தவர், அப்பாவின் வயது. சாலையில் மரம் கிடந்ததால் ஏரிக்கரை வழியாகச் சுற்றி வந்தார். பொழுது சாய்ந்திருந்தது. அந்தப் பாதையும் அடைபடுமோ என்ற பயத்தில் கல்லைக் கொட்டிவிட்டு உடனே கிளம்பிவிட்டார். யாரும் எண்ணவில்லை. கொத்தனார் பதித்து முடித்தபோது ஓரத்தில் இரண்டரையடி வெறும் மண்ணாக நின்றது. நூற்றெழுபது கல் போதவில்லை.

அப்பா மாரியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வழியில எங்க எறக்கன?"

"எங்கியும் எறக்கலங்க. ஏத்துனத அப்டியே கொண்டாந்தன்."

"அப்ப ரோட்ட வுட்டுட்டு ஏரிக்கரைல எதுக்கு வந்த?"

"ரோட்ல மரம் கெடந்துச்சிங்க. பதிச்ச கல்லு எங்கியும் போயிடல. எண்ணிப் பாருங்க."

எண்ண வேண்டியதில்லை என்றார் அப்பா. அன்றோடு மாரிக்கு எங்கள் வேலை நின்றது. பேச்சு பரவி, ஊரில் வேறு யாரும் அவரை நம்பிச் சுமை ஏற்றவில்லை.

இரண்டு நாள் கழித்து, வீட்டில் யாரும் இல்லாதபோது வரிசை வரிசையாக எண்ணினேன். ஆயிரத்து நூறு சரியாக இருந்தது. ஸ்கேலை வைத்து ஒரு கல்லை அளந்தேன். எட்டரை அங்குலத்துக்கு நாலு. பாடப்புத்தகத்தில் இருந்த ஒன்பதுக்கு நாலரையை வைத்து நான் கணக்குப் போட்டிருந்தேன். சூளைக் கல்லை ஒருமுறைகூட அளக்கவில்லை.

மாரியின் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். "எங்கிட்ட சொல்லி இன்னாங்க ஆவப்போவுது? உங்க அப்பாருகிட்ட சொல்லுங்க" என்றார்.

சொல்கிறேன் என்று வந்தேன். சொல்லவில்லை. அப்பாவின் பெருமையைக் கெடுக்க மனமில்லை என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு வெட்கம், அவ்வளவுதான். மாரி குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். அப்பா அவரைத் திருடன் என்று நம்பியபடியே இறந்தார்.

இங்கே தளம் போட்டு முடித்த அன்று மாலை, அதன் மேல் நின்றபடி ஊரிலிருக்கும் தம்பிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாரி ஊருக்கே வந்துட்டாரு. மவன் வூட்லதான் இருக்காரு. கண்ணு சரியா தெரியல."

"நீ போய் சொல்லிடேன்."

"நான் இன்னாத்துக்கு சொல்லணும்? நாலு பேர வெச்சிக்கினு நீதான் சொல்லணும். எப்ப வூட்டுக்கு வர?"

அதே நேரத்தில் உள்ளேயிருந்து என் மனைவி, "குளுருது, வூட்டுக்கு உள்ள வாங்க" என்றாள்.

"வரேன்" என்றேன். இருவருமே அதைத் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள்.