‘உற்பத்தி இல்லை’ என்று எழுதியவர்

ஹமீதா மேடம் இறந்த செய்தி வந்தபோது நான் தியாகராய நகரில் ஒரு பாத்திரப் பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் இரண்டே வரி: காலையில் காலமானார், பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். பட்டறைக்காரர் சொல்லிக்கொண்டிருந்த விலையை எழுதி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

நந்தனம் புள்ளியியல் அலுவலகத்தில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விவசாயம், தொழில், சேவை என எல்லாத் துறைகளிலும் மாதந்தோறும் விலை கேட்டு வருவது எங்கள் வேலை. கடை விலை அல்ல. விளைவிப்பவருக்கும் செய்பவருக்கும் கிடைக்கிற விலை. நாங்கள் பெரும்பாலும் ஃபோனிலேயே கேட்டுவிடுவோம். அவர் நேரில் போவார். “ஒரு தடவ வெயில்ல நடந்து போய்க் கேளுங்க சார், வேற விலை சொல்லுவாங்க” என்பார்.

ஒருமுறை மயிலாப்பூரில் ஓர் அச்சகத்துக்கு அவரோடு போயிருந்தேன். “மாசாமாசம் வந்து கேட்டுண்டிருக்கேளே, இதனால நேக்கு என்ன லாபம்?” என்று உரிமையாளர் எரிந்து விழுந்தார். “ஒண்ணும் இல்ல சார். பேப்பர் விலை ஏறிடுச்சு, உங்களால அச்சுக் கூலிய ஏத்த முடியலைன்னு யாராவது எழுதி வைக்கணும் இல்ல?” என்றார் மேடம். உரிமையாளர் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வேளச்சேரியில் அட்டைப்பெட்டி செய்யும் ஒருவர் என் பட்டியலில் இருந்தார். ஃபோன் செய்தால் “அதே ரேட்டுதான் சார்” என்பார். மூன்று மாதம் அதையே எழுதினேன். நான் விடுப்பில் இருந்தபோது மேடம் அங்கே போனார். மழைவெள்ளம் புகுந்து இயந்திரங்கள் துருப்பிடித்துக் கிடந்தன. வெளியே சொல்ல வெட்கப்பட்டு அந்த மனிதர் தினமும் ஷட்டரைத் திறந்து உள்ளே உட்கார்ந்திருந்தார். மேடம் மூன்று மாதத்தையும் திருத்தி, ‘உற்பத்தி இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு மெமோ வந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்று கத்தினேன்.

“சொல்லியிருக்கணும் சார், தப்புதான். ஆனா அந்த ஆளு மூணு மாசமா வேலை இல்லாம உக்காந்திருக்காரு. நம்ம தாள்ல மட்டும் நல்லா இருக்காரு.”

அதன்பின் ஓராண்டு நான் அவரோடு பேசவில்லை. சிறுநீரகம் பழுதாகி அவர் நீண்ட விடுப்பில் போனபோதும் ராயப்பேட்டையில் இருந்த அவர் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறு போகலாம், அடுத்த ஞாயிறு போகலாம் என்றே மாதங்கள் ஓடிவிட்டன. கடைசியில் அடக்கத்துக்குத்தான் போனேன்.

அவருடைய பட்டியலை இப்போது என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் பட்டினப்பாக்கம் கரையில் ஒரு மீனவரிடம் விலை கேட்டேன்.

“அந்த அம்மா வர்லியா?”

சொன்னேன். அவர் வலையைக் கீழே வைத்தார். “இன்னா சார் சொல்ற?” வலையை மறுபடி எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். பிறகு, “எழுதிக்கோ. போன மாசத்துக்கு இப்ப கம்மிதான். டீசல் மட்டும் ஏறிக்கினே கீது” என்றார்.

நான் இப்போது ஃபோனில் விலை கேட்பதில்லை; நேரில் நடந்து போகிறேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த நடை ஒன்றைத்தான். அவரிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பும் என்னிடமே இருக்கிறது.