ஒன்றை அழுத்தினால் ஆம்

எங்கள் மெதடிஸ்ட் சபைக்கு உலகம் முழுவதற்குமாக ஒரு மகாசபை உண்டு. நான்கு வருடத்துக்கு ஒருமுறை கூடும். சபைச் சட்டத்தில் ஒரு வரியை மாற்றவேண்டும் என்றாலும் அங்கேதான் மாற்ற முடியும். எங்கள் ஹைதராபாத் வட்டாரத்திலிருந்து ஒரு போதகரும், போதகர் அல்லாத ஒருவரும் அதற்குப் போவார்கள். ஒரு தடவை அந்த ஒருவர் நானாக இருந்தேன். இருந்திருக்கக் கூடாது.

அப்போது நான் பேகம்பேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர். மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் வேலை. பட்டியலை வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே டிக் போட்டு, சந்தேகம் இருந்தால் திருப்பி அனுப்பவேண்டும். என் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்று ஆபீஸில் பெயர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போயிருக்க வேண்டியவர் வேறொருவர். செகந்திராபாத் தமிழ் ஆராதனைக்கு வருகிற எல்லோரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு தலைமுறையாக இந்த ஊர்க்காரர் என்பதால் அவர் தமிழில் பாதி தமிழ், மீதி கடைத்தெரு உருது. திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த எனக்கு முதல் ஆறு மாதம் அவர் பேச்சு பாதிதான் புரிந்தது. சபைச் சட்டப் புத்தகத்தில் எந்தப் பிரிவு எந்தப் பக்கம் என்று புத்தகத்தைத் திறக்காமலே சொல்லுவார். அவரிடம் ஒரு மனு இருந்தது. அதை அங்கே கொண்டுபோக அவர் பல வருடங்களாகக் காத்திருந்தார்.

அவருடைய அம்மா பைபிள் உமன். சபைக்காக வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டும் ஊழியக்காரி. ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசை வரிசையாக, குடையும் துணிப்பையுமாக, கால் தேய நடந்தவர். மகாசபையில் ஒரு நாள் காலை ஞாபகார்த்த ஆராதனை நடக்கும். கடந்த நான்கு வருடத்தில் இறந்த போதகர்களின் பெயரை ஒவ்வொன்றாகப் படித்து மணி அடிப்பார்கள். பைபிள் உமன் போதகர் இல்லை. அதனால் அந்த அம்மா இறந்தபோது பெயர் எங்கும் படிக்கப்படவில்லை. இவர்கள் பெயரையும் படிக்கவேண்டும், இதுவரை விட்டுப்போனவர்களையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்பதுதான் மனு.

"ஒரு தடவைம்மா. ஒரே ஒரு தடவை படிச்சிட்டா போதும்" என்பார்.

ஆள் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் அவர் பெயரைத்தான் முதலில் சொன்னார்கள். எங்கள் தமிழ்ச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொறுப்பைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்லவேண்டும். இரண்டாம் தடவை எனக்குத் தகுதியில்லை என்று சொல்லவேண்டும். மூன்றாம் தடவை எல்லோரும் கை தட்டும்போது தேவ சித்தம் என்று உட்கார்ந்துவிட வேண்டும். பாடகர் குழுத் தலைவர் முதல் பலிபீடத்தில் பூ வைக்கிறவர்வரை இப்படித்தான் பொறுப்புக்கு வந்தார்கள். அங்கிளும் எழுந்து கைகூப்பி, "நக்கோ ஐயா, வேணாம், வேற யாருக்காவது குடுங்க" என்றார். அன்றைக்குத் தலைமை வகித்தவர் வடக்கேயிருந்து வந்திருந்த பேராயர். நம் ஆட்களின் வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? நன்றி என்று சொல்லி அந்தப் பெயரை அடித்துவிட்டார்.

அங்கிள் கைகூப்பியபடியே இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். இரண்டாவது தடவை கேட்பார்கள் என்று நின்றார். யாரோ பின்வரிசையிலிருந்து, இங்கிலீஷ் தெரியும், பாஸ்போர்ட் இருக்கிறது என்று என் பெயரைச் சொன்னார்கள். ஆபீஸில் யார் எதைக் கேட்டாலும் ஓகே சொல்லிப் பழகிய வாய். முதல் தடவையிலேயே சரி என்றேன். முதலில் கை தட்டியவர் அங்கிள்தான். அந்தக் கைதட்டலில் ஒரு வருத்தமும் தெரியவில்லை.

மனுவை அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்து அனுப்பினேன். பதிலுக்கு ஒரு மனு எண் வந்தது. அவர் பிடிவாதமாகக் கேட்டதால் நிகழ்ச்சி நிரலையும் ஆபீஸ் பிரிண்டரில் எடுத்துக் கொடுத்தேன். ஞாபகார்த்த ஆராதனை அங்கே காலை எட்டரை, நமக்குச் சாயங்காலம் ஆறு என்று கணக்குப் போட்டு, பென்சிலால் கோடு இழுத்து, பைபிளுக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

மகாசபை நடந்தது அமெரிக்காவில், ஒரு மண்டபத்தில். செகந்திராபாத் ஸ்டேஷனை உள்ளே தூக்கி வைத்துவிடலாம், அவ்வளவு பெரியது. நீள நீள மேஜைகள். பல பாஷைக்காரர்கள் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஓட்டுப் போடும் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். சின்ன டிவி ரிமோட் மாதிரி. ஒன்றை அழுத்தினால் ஆம், இரண்டை அழுத்தினால் இல்லை. தினமும் காலையில் மேஜைமேல் ஒரு செய்தித்தாள் இருக்கும். அன்றைய மனுக்கள் எல்லாம் அதில்.

நான் மூன்று நிமிடத்துக்கு ஒரு பேச்சு எழுதி வைத்திருந்தேன். தினமும் ஹோட்டல் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். மனுவின் முறை வரும்போது தலைவர் என்னைக் கூப்பிடுவார், இதைப் பற்றி இந்தியாவிலிருந்து யாராவது பேசவேண்டுமா என்று கேட்பார் என்று நம்பினேன். ஊரில் அப்படித்தான் கேட்பார்கள். ஒரு தடவைக்கு மூன்று தடவை கேட்பார்கள். நாமாக முந்திக்கொண்டு எழுவது மரியாதை இல்லை என்றே வளர்ந்தவள் நான்.

ஐந்தாம் நாள் காலை தலைவர், ஒப்புதல் பட்டியல், ஓட்டுப் போடுங்கள் என்றார். தினமும் சொல்வதுதான். குழுவில் ஏற்கெனவே பேசி முடித்து, பெரிய தகராறு இல்லாத மனுக்களை மொத்தமாக ஒரே ஓட்டில் முடிப்பதற்கு அந்தப் பட்டியல். குழு ஏற்கச் சொன்னதும் அதில் இருக்கும், தள்ளச் சொன்னதும் இருக்கும். எண்கள் மட்டும் பொடி எழுத்தில் பத்தி பத்தியாக. மேஜையில் எல்லோரும் ஒன்றை அழுத்தினார்கள். நான் டீயை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு ஒன்றை அழுத்தினேன்.

மத்தியானம் பக்கத்து நாற்காலிக்காரியிடம், என் மனு எப்போது வரும் என்று எண்ணைக் காட்டிக் கேட்டேன். அமெரிக்காக்காரி, ஓய்வு பெற்ற டீச்சர், நல்ல மனுஷி. காலைச் செய்தித்தாளை விரித்து விரலை மெதுவாக இறக்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். தள்ளுபடிக்குப் பரிந்துரை. காலையில் முடிந்துவிட்டதே என்றார். தள்ள வேண்டாம் என்றால் முந்தின நாளே சிலரிடம் கையெழுத்து வாங்கிப் பட்டியலிலிருந்து பிரித்து எடுத்திருக்கலாமே, உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார்.

யார் சொல்லவேண்டும்? சட்டப் புத்தகத்தில் இருந்தது. அங்கிளாக இருந்தால் பக்கத்தோடு சொல்லியிருப்பார். பட்டியல் படிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள், அந்த ஒரு பட்டியலைப் படிக்கவில்லை. மனு தோற்றிருந்தால் தோற்றது என்று விட்டிருப்பேன். அதைத் தள்ளச் சொல்லி நானே ஓட்டுப் போட்டிருந்தேன். அன்று முழுவதும் கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டே திரிந்தேன்.

மறுநாள் ஞாபகார்த்த ஆராதனை. விளக்கைக் குறைத்து மெழுகுவர்த்தி ஏற்றி, பெயர் படித்து, மணி அடித்தார்கள். எல்லோரும் உட்கார்ந்துதான் இருந்தோம். ஒரு மணி நேரம். ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் அடுத்த பெயர் அந்த அம்மாவுடையதாக இருந்துவிடாதா என்று பைத்தியம் மாதிரி காத்திருந்தேன். கடைசி மணி அடித்தபிறகு உதட்டுக்குள் அந்தப் பெயரைச் சொன்னேன். பக்கத்து டீச்சருக்குக்கூடக் கேட்டிருக்காது.

விமான நிலையம் பேகம்பேட்டிலேயே இருந்த காலம் அது. வெளியே வந்தபோது காலை பத்து மணி இருக்கும். அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளைகளுக்காகப் பூங்கொத்தோடு நின்ற பெற்றோர் கூட்டத்தில் அங்கிளும் நின்றார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார். பயணம் எப்படி என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏம்மா, படிச்சாங்களா?"

வழி முழுக்க உண்மையைச் சொல்லத்தான் வாக்கியம் தேடிக்கொண்டு வந்தேன். 'தள்ளிட்டாங்க அங்கிள்' என்று சொன்னால் அதில் பாதிதான் உண்மை. மீதியைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"படிச்சாங்க அங்கிள்."

"ஹவ்? அப்படியா?" என்றார். "பேரைச் சரியா சொன்னாங்களா? வெள்ளைக்காரன் வாயில வராதே அந்தப் பேரு."

"சரியா சொன்னாங்க."

என் கையிலிருந்து பெட்டியை வாங்கித் தானே ஆட்டோவரைக்கும் தூக்கிக்கொண்டு போனார். நான் அழுவதைப் பார்த்து, "கைக்கு அழுவுறே, எதுக்கும்மா? சந்தோஷமான விஷயம்தானே" என்றார். அடுத்த ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னார். உலகத்துக்கே முன்னால் என் அம்மா பெயரைப் படித்தார்கள் என்றார். என்னோடு மகாசபைக்கு வந்த போதகர் வேறு ஊர்ச் சபைக்காரர், மறுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. சபை அல்லேலூயா சொன்னது. நானும் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஞாயிறுகள் எனக்கு நரகம். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பைத் தாங்கமுடியாமல், உப்பலிலிருந்து பஸ் கிடைக்கவில்லை என்று பொய் சொல்லி ஆராதனைக்குப் போகாமல் இருந்திருக்கிறேன். ஆபீஸில் ஒரு வரியை ஏழு தடவை படித்தேன். மேனேஜர் பாராட்டினார். அடுத்த மகாசபைக்கு அதே மனுவைத் திரும்ப அனுப்பலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். அனுப்பினால் மனுப் புத்தகத்தில் அச்சாகும், போகிற போதகர் படிப்பார், ஏற்கெனவே படித்த பெயருக்கு எதற்கு மறுபடி மனு என்று கேட்பார். அனுப்பவில்லை. முதல் தப்பு கைத்தவறு என்றே வைத்துக்கொள்ளலாம். இதை முழு நினைவோடு செய்தேன்.

அடுத்த மகாசபைக்கு நான்கு மாதம் இருக்கும்போது அங்கிள் இறந்துபோனார். அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபிறகு ஆன்ட்டி, அவர் மனைவி, என் கையில் ஒரு உறையைக் கொடுத்தார். உள்ளே அங்கிளின் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. வாழ்நாள் முழுக்கச் சபைக்கு உழைத்தவர் என்று ஒரு வரி.

"மாமியார் பேரைப் படிச்ச மாதிரி இவர் பேரையும் படிக்கச் சொல்லி அனுப்பிடும்மா. உனக்குத்தான் அங்க எல்லாம் தெரியும்."

உறை என் மேஜை டிராயரில் கிடந்தது. வேறு ஏதோ எடுக்க டிராயரைத் திறந்தாலும் முதலில் அதுதான் கையில் தட்டுப்படும்.

மகாசபை தொடங்கிய வாரம் ஆன்ட்டி போன் செய்தார். "நாளைக்குத்தானே படிப்பாங்க? போதகர்கிட்டே கேட்டேன். இங்கே ஆறு மணியாம். நீயும் வாயேன். தனியா இருக்க முடியல."

போனேன். ஐந்தரைக்கே ஹாலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தார். நடுவில் ஸ்டூல்மேல் அங்கிளின் பைபிள். அதிலிருந்து எட்டிப் பார்த்த காகிதத்தை நான் உடனே கண்டுகொண்டேன். நான் எடுத்துக் கொடுத்த பிரிண்ட். பென்சில் கோடு அழியவில்லை.

"போன தடவை இதே இடத்துலதான்" என்றார் ஆன்ட்டி. "சரியா ஆறு மணிக்கு எழுந்து நின்னாரு. அம்மா பேரு வரப்போகுது, உக்காந்துகிட்டு இருந்தா நல்லா இருக்காதுன்னு. எத்தனையாவது பேருன்னு தெரியாதில்ல? ஏழு மணி வரைக்கும் நின்னாரு. உக்காருங்க உக்காருங்கன்னு சொன்னேன். நக்கோன்னுட்டாரு."

அந்த ஒரு மணி நேரமும் அங்கே மண்டபத்தில் நான் மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இப்போது சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தேன். சுவர்க் கடிகாரத்தில் ஆறடிக்க ஒரு நிமிடம் இருந்தது. ஆன்ட்டிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. குச்சியில்லாமல் நிற்கமுடியாது. குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழ ஆரம்பித்தார்.

"இவர் பேரு எத்தனையாவதும்மா?"

"முதல் பேரு ஆன்ட்டி. முதல்லயே வந்துடும்."

வேறு எதையும் என்னால் அவருக்குக் கொடுக்க முடியவில்லை. கடிகாரம் அடித்தது. நானும் எழுந்து நின்றேன்.

"எப்படிப் படிப்பாங்க? நீ பாத்திருக்கியே, சொல்லு."

அங்கிளின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். பிறகு, யாரும் கேட்காமலே, அவர் அம்மாவின் பெயரையும் சொன்னேன். என் குரல் அந்தச் சின்ன ஹாலில் மோதி எனக்கே திரும்பி வந்தது. படித்து முடித்தாகிவிட்டது, இனி உட்காரலாம் ஆன்ட்டி என்று நான்தான் சொல்லவேண்டும். அவர் கண்ணை மூடி, கால் நடுங்க, அதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.