அரிசியிலும் வைக்கோலிலும் உள்ள சர்க்கரை

எழுபதுகளின் நடுவில் நான் பொன்னேரியில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் கம்பி ஆலை வேலை. தினமும் காலை ரயிலில் போய் வந்தார்.

ஒரு கோடையில் அவர் இளைக்க ஆரம்பித்தார். காலருக்குள் கழுத்து மெலிந்து நின்றது. ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டார். வகுப்பில் அப்போது கார்போஹைட்ரேட் பாடம். குளுக்கோஸ் கலந்திருந்தால் நீலக் கரைசல் சூட்டில் நிறம் மாறும் என்று மாணவிகளுக்குச் செய்து காட்டியிருந்தேன். மறுநாள் அவருடைய சிறுநீரை ஒரு மருந்துச் சீசாவில் எடுத்துப்போய், எல்லோரும் கிளம்பிய பிறகு சோதனைக்குழாயைச் சுடரில் பிடித்தேன். பச்சையானது, மஞ்சளானது, பிறகு செங்கல் நிறம். குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பயம் வரும் என்று சற்று நேரம் நின்றேன். வரவில்லை. வீட்டுக்குப் போனேன்.

டாக்டரும் சர்க்கரை வியாதி என்றுதான் சொன்னார். தினமும் இன்சுலின் ஊசி, அளவுச் சோறு. கண்ணாடிச் சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்கவைத்து நானே போட்டேன். ஊசியைவிடச் சோறு குறைந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நான் சோத்துல சக்கரையா போட்டுக்கினு துன்றேன்? அத்த ஏன் கொறைக்கற?"

"அரிசி மாவே சர்க்கரைதாங்க. குளுக்கோஸ் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துகினு நீளமா நிக்குது. வயித்துக்குள்ள போனா கைய விட்டுடும்."

"அப்ப வைக்கோலு?"

"அதுவும் அதே குளுக்கோஸ்தான். கை கோக்கற விதம் வேற. நம்ம வயித்தால பிரிக்க முடியாது. மாட்டு வயித்துல இருக்கற கிருமிங்க பிரிச்சிக் குடுத்துடும்."

அவர் தட்டை நகர்த்தினார். "அப்ப எனக்கு வைக்கோலே போடு. தின்னுகினு கெடக்கறேன்."

சிரிக்க வேண்டிய பேச்சு. இருவரும் சிரிக்கவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் ஊசி போட்டதும், ரயில் வந்துவிடும் என்று சாப்பிடாமல் ஓடினார். ஆலையில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். ரயில் வரவில்லை. நான் பள்ளியில் முதல் பீரியட் நடத்திக்கொண்டிருந்தபோது ஸ்டேஷன் போர்ட்டர் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், உங்க ஊட்டுக்காரரு பிளாட்பாரத்துல உளறிக்கினு கெடக்கறாரு. குடிச்சிக்கீறாருன்னு போலீஸ்காரரு நிக்கறாரு."

பிளாட்பாரத்தில் என் கணவர் பெஞ்சில் சாய்ந்திருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்த கண்ணில் நான் இல்லை. குடியில்லை, சர்க்கரை வியாதி என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு டீக்கடைக்காரரிடம் சர்க்கரை கேட்டேன்.

"சக்கர வியாதின்னு நீங்கதான சொன்னீங்க! சக்கரையே குடுத்தா ஆளு பூடுவாரு டீச்சர்."

"ஊசி மருந்து ரத்தத்துல இருந்த சர்க்கரையெல்லாம் எடுத்துடுச்சு. மூளைக்கு அது இல்லாம ஓடாது. குடுங்க."

என் குரல் கரும்பலகைக்கு முன்னால் பேசுகிற குரலாகவே இருந்தது. சர்க்கரையை ஈரவிரலில் தொட்டு அவர் கன்னத்துக்குள் தேய்த்தேன். கரைந்தது. மறுபடி தேய்த்தேன். போலீஸ்காரர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் என் கணவரின் நாக்கு அசைந்தது. பிறகு, "இன்னாத்துக்கு இத்தினி பேரு?" என்று என்னைக் கேட்டார்.

கூடையுடன் நின்ற ஒரு அம்மாள் அழுதுவிட்டாள். எனக்கு விரலில் பிசுபிசுப்பு மட்டும்தான் தெரிந்தது.

பால் குடிக்கவைத்து ரிக்‌ஷாவில் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சோறு பிசைந்து கொடுத்தேன். அன்றைக்கு அளவு பார்க்கவில்லை. அவர் தலை குனிந்து சாப்பிட்டார்.

"பயந்துட்டியா?" என்றார்.

"இல்லைங்க."

அவருக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பயந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

மதியம் பள்ளிக்குத் திரும்பி, மிஞ்சிய குளுக்கோஸைக் கல்லீரல் எப்படிச் சேர்த்து வைக்கிறது என்று பாடத்தைக் காலையில் விட்ட இடத்திலிருந்து நடத்தினேன். ஆசிரியர் அறையில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் டீ குடித்தேன்.

அதன்பின் சாப்பாடு தட்டில் விழுந்த பிறகுதான் ஊசி என்று வைத்துக்கொண்டோம். அவர் ஓய்வு பெறும்வரை கும்மிடிப்பூண்டிக்குப் போய் வந்தார். தினமும் காலையில் அவர் கையை நீட்டுவார், நான் குத்துவேன். அந்த நேரத்தில் நாங்கள் பெரும்பாலும் ரயிலைப் பற்றித்தான் பேசினோம்.