தவிட்டுக்கு விற்ற மகள்

"உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று சொல்லிப் பிள்ளைகளை அழவைத்துச் சிரிக்காத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. என் வீட்டில் மட்டும் அந்தக் கேலி செல்லாது. ஒருமுறை அப்படிச் சொல்ல வந்த பங்காளியை நான் அடிக்கவே போய்விட்டேன். என் மகளை உண்மையாகவே தவிட்டுக்கு விற்றவர்கள் நாங்கள்.

பாகூர் ஏரிப் பாசனத்தில் எனக்கு நெல்லும் கரும்பும். சோற்றுக்குக் குறைவில்லை. பிள்ளைக்குத்தான் குறை. முதல் மூன்றும் பிறந்து, முகம் பார்த்துச் சிரிக்கப் பழகுமுன்பே போய்ச் சேர்ந்தன. மூன்றையும் என் கையாலேயே கொல்லைக் கோடியில் புதைத்தேன். நான்காவதாக இவள் பிறந்தபோது என் மனைவிக்கு நெருப்பாய்க் காய்ச்சல். படுத்த பாயிலிருந்தே என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத நம்முதுன்னு சொல்லாதீங்க. வித்துடுங்க. யாரு புள்ளையாவாவது இருந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

பிள்ளை தங்காத வீட்டில் அது வழக்கம்தான். வேற்றுச் சாதிப் பெண் ஒருத்தி ஒரு முறம் தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். எமன் வந்து தேடினால், அந்த வீட்டில் பிள்ளையே இல்லை என்று ஏமாந்து திரும்பிவிடுவான். மொட்டையடித்துக் காது குத்தும் நாளில் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். அதுவரைக்கும் பிள்ளை பெற்றவர்களை அம்மா, அப்பா என்று கூப்பிடக் கூடாது. பெரும்பாலும் வாங்கியவள் வாசலோடு போய்விடுவாள். பிள்ளை பெற்றவள் மடியிலேயே வளரும். அதற்கு நாங்கள் கொடுத்து வைக்கவில்லை.

வாங்க வந்தவள் கடலோரத்து நல்லவாட்டுக்காரி. மீன்கூடையோடு எங்கள் தெருவுக்கு வருகிறவள். புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதன்பின் பிறந்த குழந்தையும் நிற்கவில்லை. மாரில் பால் கட்டி வலிக்க வலிக்கக் கூடை சுமந்து வந்தவளைத்தான் என் அக்கா வாசலில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். அக்கா தாலி இழந்து என்னோடு இருந்தவள். எங்கள் வீட்டுத் தவிட்டையே எடுத்துக் கொடுத்தால் அது விலையாகாது என்று, அந்தப் பெண் பக்கத்து வீட்டில் மீனைக் கொடுத்து ஒரு முறம் தவிடு வாங்கி வந்தாள். "இந்தாங்க, எம்புள்ளைக்கு வெல" என்று பாயருகே வைத்தாள். என் மனைவி சிரித்தாள். நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அது. பிள்ளையின் தொப்புள்கொடி விழுவதற்குள் அவள் போய்விட்டாள்.

பாலுக்கு அழுத பிள்ளையை விட்டுவிட்டு அந்த மீன்காரியால் ஊர் திரும்ப முடியவில்லை. எங்கள் கொட்டகையை ஒட்டி ஒரு குடிசை போட்டுக் கொடுத்தேன். ஊர் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? "செம்படவ வூட்டுப் பாலா குடிக்குது?" என்று கேட்ட கிழவனிடம், "உம்ம பேரனுக்கு உம்ம சாதிப் பாலைக் கொடுத்தீரே, பேரன் இன்னா கவர்னரா ஆயிட்டானா?" என்று கேட்டுவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல்தான் குடியிருக்கும்.

மேரி ஆபீசில் பிறப்பைப் பதியப் போனபோது, தகப்பன் யார் என்று குமாஸ்தா கேட்டார். நான்தான் என்றேன். பிரெஞ்சு சர்க்கார் காகிதத்தில் நான் அப்பன். வீட்டில் மாமன்.

பிள்ளை வளர்ப்பது என்றால் என்னவென்று எனக்கு அதுவரை தெரியாது. ஏர் பூட்டத் தெரியும், கரும்புக்கு மண் அணைக்கத் தெரியும். ஒரு குழந்தையின் கழுத்து மடிப்பில் பால் வழிந்து புண்ணாகும் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? எண்ணெய் தேய்க்கும்போது வழுக்கி, மீன்போலக் கையிலிருந்து நழுவினாள். நான் அலறினேன். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "வெல குடுத்து வாங்கனவ நானு. நீங்க கூலிக்கு வளக்கறீங்க. பாத்துப் புடிங்க, கூலிய நிறுத்திப்புடுவேன்" என்றாள். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மனைவி போனபின் அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டது அன்றைக்குத்தான்.

பிள்ளை நடக்கப் பழகியதும் எனக்கு ஓய்வே இல்லை. விடிந்ததும் என் மேல் ஏறி உட்கார்ந்து மீசையைப் பிடித்து, "மாமா, ஏந்திரி" என்பாள். வயலுக்குக் கிளம்பினால் தோளில் ஏற வேண்டும். ஆலையில் கரும்புப் பாகு காய்ச்சும் நாளில் சோகை இலையில் ஒரு துளி தொட்டு ஊதி ஆற்றி நாக்கில் வைப்பேன். இன்னும், இன்னும் என்று காலைத் தரையில் உதைப்பாள். கீரையைத் துப்புவாள். நெத்திலியைக் கண்டால் தட்டையே தின்றுவிடுவாள். என் ஈர வேட்டியைக் கொடியிலிருந்து உருவித் தரையில் விரித்து, "வல இழு மாமா, ஏலோ" என்று கட்டளையிடுவாள். ஒரு முனையை அவள் இழுப்பாள், மறுமுனையை நான் இழுக்க வேண்டும். வலையில் எப்போதும் கோழிதான் விழும். வாசலில் நின்று மூக்கைத் தூக்கி, "கொண்டக் காத்து, மழ வரும்" என்பாள். பெரும்பாலும் வராது. கடலையே பார்க்காத பெண்ணுக்குக் கடல்காரர்களின் காற்றெல்லாம் பெயரோடு தெரிந்திருந்தது. "இது நம்ம வூட்டுப் புள்ளையாடா?" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

இரவில் அந்தப் பெண்ணின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவாள். "அம்மா, அம்மா" என்று தூக்கத்திலும் சொல்வாள். பொறாமைப்பட்டேனா என்றால், பட்டேன். ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு பிள்ளை யாரையாவது அப்பா என்று கூப்பிடுகிறது. எனக்கு மட்டும் மாமன் பட்டம். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து ஒருநாள் இவளும் என்னை நோக்கி, "அப்..." என்று தொடங்கினாள். அந்தப் பெண் பாய்ந்து வந்து வாயைப் பொத்திவிட்டாள். பொத்திய கையோடு என்னைப் பார்த்தாள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரும்புக்குள் போய்விட்டேன். அங்கே யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து அழுதேன்.

காது குத்த நாள் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மீட்டுவிட்டால் நான் அப்பன். அந்தப் பெண் எப்போதும்போல இருந்து வளர்ப்பாள். இப்படித்தான் நான் நினைத்திருந்தேன். அக்காதான் அடுப்படியிலிருந்து சொன்னாள்: "மீட்டுட்ட பொறவு வாங்கனவ அந்த வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. புள்ள மொகத்துலயும் முழிக்கக் கூடாது. மிதிச்சா, வித்தது பொய்யின்னு ஆயிடும்."

"யாரு அக்கா எழுதி வச்சது? அது தாயில்லாப் புள்ள. அவளையும் அனுப்பிட்டு நான் இன்னா பண்ணுவேன்?" என்று கத்தினேன். சட்டியை எடுத்து எறியக்கூடப் போனேன்.

அக்கா கத்தவில்லை. "மூணு குழியும் நீதானே வெட்டன?" என்றாள். 

சட்டியைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு அந்தச் சாஸ்திரத்தில் நம்பிக்கை உண்டா என்றால், பாதிதான் உண்டு. ஆனால் பாதி நம்பிக்கைக்காரன் தன் பிள்ளையை வைத்துப் பந்தயம் கட்டுவானா? அந்தப் பெண்ணாவது சண்டை போடுவாள் என்று அவளிடம் போனேன். அவள் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "அக்கா சொல்றது சரிதாங்க. எங்கிட்ட எதுங்க நின்னுது? புருசன் நிக்கல, பெத்தது நிக்கல. இதுவாவது நிக்கட்டும்" என்றாள்.

அந்தக் கடைசி நாட்களில் குடிசைக்குள் இருவரும் ஏதோ குசுகுசுத்துக்கொண்டே இருந்தார்கள். நான் போனால் பேச்சு நிற்கும். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "இன்னா ரகசியம்?" என்று கேட்டால், "சொல்ல மாட்டமே" என்பாள். 

ஏரிக்கரை ஐயனார் கோயிலில் மொட்டையடித்தோம். மொட்டையில் சந்தனத்தோடு, காது குத்திய வலியில் விசும்பிக்கொண்டு, அந்தப் பெண்ணின் இடுப்பிலேயே பிள்ளை இருந்தாள். அக்கா முறத்தைக் கொடுத்தாள். நான் தவிட்டை அவள் முந்தானையில் கொட்டினேன். பாதி கீழே சிந்தியது. அவள் குனிந்து சிந்தியதையும் ஒரு பொட்டு விடாமல் வழித்துக் கட்டிக்கொண்டாள். பிறகு பிள்ளையை என் கையில் கொடுத்தாள். "ஒங்க புள்ள, ஒங்க கிட்ட" என்றாள். அவ்வளவுதான். கிழக்கே கரையோடு நடந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது முறை. அவள் பார்க்கவில்லை. மீன் வாங்கத்தான் போகிறாள் என்று நினைத்துப் பிள்ளை கையை ஆட்டினாள். "சீக்கிரம் வாம்மா" என்றாள்.

அன்று முழுக்க எல்லாரும் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு, "அப்பான்னு கூப்புடு, அப்பான்னு கூப்புடு" என்று நச்சரித்தார்கள். வாயைத் திறக்கவில்லை. பொழுது சாயும்போது வேலிப்படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருட்டியது. குடிசைக்குள் போய்ப் பார்த்தாள், பானைக்குப் பின்னால் பார்த்தாள். கொட்டகையில் மாட்டுக்குப் பின்னாலும் பார்த்தாள். அக்கா கொண்டுவந்த சோற்றைத் தட்டிவிட்டாள். கடைசியில் என்னிடம் வந்து, என் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா" என்றாள்.

மூன்று வருஷமாக அந்த ஒரு சொல்லுக்குத்தான் உயிரை வைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே உட்கார்ந்து அணைத்துக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

"அப்பா, அம்மாவக் கூட்டியா."

நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, மெதுவாக, சொல்லிக் கொடுத்ததை ஒப்பிப்பதுபோல் சொன்னாள்: "அம்மா சொல்லிச்சி. அப்பான்னு கூப்புட்டா எது கேட்டாலும் அப்பா குடுக்குமாம். அப்பா, அம்மாவக் குடு."

குடிசைக்குள் நடந்த ரகசியம் இதுதான். எனக்குப் பரிசாகக் கொடுக்கத்தான் அந்தச் சொல்லை அவள் பிள்ளைக்குப் பழக்கியிருக்கிறாள், பாவி மகள். பிள்ளை முதலில் என்ன கேட்பாள் என்று அவள் யோசித்திருப்பாளா? எனக்குத் தெரியவில்லை.

விடிந்ததும் வண்டியைப் பூட்டினேன். அக்கா குறுக்கே வந்து நின்றாள். "தள்ளுக்கா" என்றேன். நான் சொன்ன விதத்தில் தள்ளிவிட்டாள். வழியில் கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் மண். சுங்கச் சாவடிக்காரன் வண்டியை நிறுத்தி, "இன்னா கொண்டு போற?" என்றான். "எம்மாவப் பாக்கப் போறோம்" என்று பிள்ளையே பதில் சொன்னாள். போகச் சொல்லிவிட்டான். கடற்காற்று வந்ததும் எழுந்து நின்று மூக்கைத் தூக்கினாள். 

நல்லவாட்டில் தன் அண்ணன் வீட்டோடு அந்தப் பெண் இருந்தாள். மணலில் வண்டி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். வெயிலில் மீனைப் பரப்பிக்கொண்டிருந்தவள் அப்படியே போட்டுவிட்டு, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே ஓடி வாசல் தட்டியை இழுத்துக் கட்டினாள். பிள்ளை பார்த்துவிட்டாள். ஒளிந்து விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஓடினாள். தட்டியை இரண்டு கையாலும் அடித்தாள்.

"அம்மா, கண்டுபுட்டேன். தொற."

தட்டி அசையவில்லை.

நான் தட்டிக்கு வெளியே நின்று, "இந்தாம்மா, எனக்கு அந்தச் சாஸ்திரம் ஒண்ணும் வேணாம். வந்துடு" என்றேன். வேறு எந்தப் பெண்பிள்ளை முன்னாலும் நான் அப்படி நின்றதில்லை.

"ஒங்களுக்கு வேணாம். எனக்கு வேணும். அது உசுரோட இருக்கணும். கூட்டினு போயிடுங்க" என்றாள் உள்ளிருந்து.

குரலைக் கேட்டதும் பிள்ளைக்கு விளையாட்டில்லை என்று புரிந்துவிட்டது. தட்டியின் அடியில் கையை விட்டுத் துழாவினாள். தட்டியின் கீழ் வழியாக எனக்கு உள்ளே தெரிந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, அந்தச் சின்னக் கை எட்டாத தூரத்தில், சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். வாயில் முந்தானையைத் திணித்திருந்தாள். தலைக்கு மேலே உறியில் அந்தத் தவிட்டு மூட்டை, கட்டுப் பிரிக்காமல் தொங்கியது.

"அப்பா, நீ கேளு. அப்பா, நீ கேளு" என்று பிள்ளை என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் கேட்டேன். கடற்கரைப் பெண்களெல்லாம் கூடி நின்று பார்க்க, கூச்சத்தை விட்டு, கெஞ்சிக் கேட்டேன். தட்டி திறக்கவில்லை. வெயில் ஏறியது. அழுது அழுது தொண்டை கம்மிப்போன பிள்ளையைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு திரும்பினேன். வண்டிச் சத்தம் கேட்டபின் உள்ளிருந்து ஒரு ஓலம் வந்தது. மாட்டை விரட்டினேன்.

அதன்பின் அவள் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரவில்லை. பாகூர்ச் சந்தையில் எங்களைக் கண்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவாள். என் மகள் தங்கினாள். அம்மை வந்து பிழைத்தாள், காய்ச்சல் வந்து பிழைத்தாள், இன்றைக்கு மூன்று பிள்ளைக்குத் தாய். வாங்கியவளின் பிடிவாதத்தால் பிழைத்தாளா, தானாகப் பிழைத்தாளா என்று யாரிடம் கேட்பேன்?

சின்ன வயதில் ஒரு நாளைக்கு நூறு தடவை அப்பா என்பாள். வளையலுக்கு அப்பா, ஊஞ்சலுக்கு அப்பா, திருவிழாவுக்கு அப்பா. வாயிலிருந்து வருமுன் வாங்கிக் கொடுத்துவிடுவேன். அக்கா என்னைத் திட்டுவாள், செல்லம் கொடுத்துக் கெடுக்கிறேன் என்று. கேட்டதையெல்லாம் கொடுத்தேன். முதன்முதலில் அப்பா என்று கூப்பிட்டுக் கேட்டதை மட்டும் கொடுக்கவில்லை. அதை அவள் மறுபடி கேட்கவும் இல்லை.