செம்பருத்தியில் ஏறிய பச்சோந்தி

ஈரச்சாக்கில் கட்டிய கறிவேப்பிலையின் வாசனை எங்கே எழுந்தாலும், ஆரியசாலையில் எங்கள் வீட்டு முற்றமும், பிரசவம் முடிந்து ஜன்னலோரம் படுத்திருந்த அம்மாவும், அவளருகே வெளிறிக் கிடந்த என் தம்பியும் சேர்ந்தே நினைவில் வந்துவிடுகிறார்கள்.

அப்பா காய்கறி மொத்தக் கடையில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து லாரியில் வந்த கறிவேப்பிலைக் கட்டு ஒன்றை அவர் முற்றத்தில் வைத்து அவிழ்த்தபோது, உள்ளேயிருந்து ஒரு பச்சோந்தி எழுந்து, காற்றில் இலை அசைவதுபோல முன்னும் பின்னும் ஆடியாடி நடந்து செம்பருத்தியில் ஏறிக்கொண்டது. நாங்கள் அதுவரை கண்டதெல்லாம் வேலி ஓணான்தான். அதை "ஓந்து" என்போம். அது தூரத்தில் இருந்தபடியே நம் தொப்புள் வழியாக "சோரை", அதாவது ரத்தம், குடிக்கும், அதனால்தான் அதன் கழுத்து சிவக்கிறது என்று நம்பி, ஓந்தைக் கண்டால் தொப்புளைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். பெரியவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. தம்பிக்கு ரத்தம் குறைவு என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அம்மாவின் அண்ணனான எங்கள் மாமாவுக்கு அது போதாதா?

"அதுக்க கண்ணப் பாரு. ஒண்ணு நம்மள நோக்குது, மத்தது பிள்ளைய நோக்குது. சோரைய உறிஞ்சிரும் கேட்டியா!" என்றார். அப்பாவாவது மறுப்பார் என்று பார்த்தால், தம்பியின் தொப்புளை மூடித் துணி சுற்றச் சொன்னார்!

அம்மா சுற்றினாள். ஆனால் படுத்த இடத்திலிருந்து அவளுக்கு வேறென்ன வேலை? அதன் கண்கள் தனித்தனியே சுழல்வதையும், ஈயைக் கண்டதும் இரண்டும் ஒரே பக்கம் நிலைப்பதையும், உடம்பைவிட நீளமான நாக்கு பாய்ந்து ஈயோடு திரும்புவதையும், இடுக்கி போன்ற பாதங்களும் சுருட்டிய வாலும் கொம்பை விடாமல் பற்றியிருப்பதையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஈயத்தான் பிள்ளே திங்குது" என்று என்னிடம் சொல்வாள். என் கை மட்டும் தொப்புளை விட்டு நகராது.

ஒரு பிற்பகல் அது மண்ணில் இறங்கியது. மாமா கம்போடு ஓடினார். கம்பின் நிழல் பட்டதும் அதன் பச்சை மங்கிக் கறுத்தது. உடம்பை உப்பி, வாய் திறந்து சீறியது. ஆனால் இடத்தைவிட்டு அசையவில்லை.

"நெறம் மாறுது! சோரை கேறுது!" என்று மாமா கத்த, நான் பயத்தில் அழுதுவிட்டேன். தீட்டுக் கழியும்வரை அறையைவிட்டு வரக்கூடாத அம்மா, தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, கம்பக் கீழ போடு. அது முட்ட இட குழி தோண்டுகது தெரியல்லியா? நானும் பெத்துட்டுதான் நிக்கேன். என் பிள்ளைக்கு என்ன வந்தாலும் நான் பாத்துக்கிடுகேன்."

மாமா கம்பைப் போட்டார். முட்டையிட்டு மண்ணை மூடிவிட்டுப் போன அது பிறகு வரவேயில்லை. மருந்தில் தம்பி மெல்லத் தேறினான். அவன் தவழத் தொடங்கிய பருவத்தில், ஒரு மழைக்குப் பின், விரல் நீளம்கூட இல்லாத குட்டிகள் மண்ணைத் துளைத்துக்கொண்டு வந்தன. தாய் சொல்லித்தராமலே கண்ணைச் சுழற்றி ஆளுக்கொரு கொம்பு தேடிப் போயின. அப்போது அம்மா மாமாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அம்மா இப்போது இல்லை. முற்றம் முழுக்கச் சிமெண்டுக் கல் பதித்தாயிற்று. செம்பருத்தி தொட்டியில் நிற்கிறது. ரத்தமில்லாமல் பிறந்த தம்பி வருஷம் தவறாமல் ரத்ததானம் செய்கிறான். போன வாரம் கொடுத்துவிட்டு வந்தவனிடம், "செம்பருத்திக்காரிக்குக் கொஞ்சம் மிச்சம் வச்சியாடே?" என்று அந்தப் பச்சோந்தியைச் சொல்லிச் சீண்டினேன்.

சிரித்தான். பிறகு முற்றத்தைப் பார்த்துவிட்டு, "அவ வந்தாலும் இனி எங்க போயி குழி தோண்டுவா, அக்கா?" என்றான்.