பதர் தூற்றும் காற்றில் பாய் விரித்தவன்

முதலில் என் மடமையை நானே சொல்லிவிடுகிறேன். பிறர் சொல்லி நீங்கள் கேட்பதைவிட அது நல்லது. இருபத்தைந்து வருடம் பாடசாலையில் பருவக்காற்றைப் படிப்பித்த நான், காற்று எந்தப் பக்கம் வீசும் என்று பார்க்காமல் கடலில் பாய் விரித்தேன். கூடவே மனைவி நயீமாவையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

பாய்ப்படகில் கணவனும் மனைவியுமாகத் தீவு தீவாகச் சுற்றியவர்களின் புத்தகங்களை வாசித்து வாசித்துக் கெட்டுப்போயிருந்தேன். ஒலுவிலிலிருந்து கரையோரமாக வடக்கே நிலாவெளிப் புறாத்தீவு வரை ஐந்து நாள் பயணம் என்பது திட்டம். நயீமாவை ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடும் அவள் தம்பி, என் மச்சான், தன் பழைய தோணியைத் தந்தார். நெல் காயப்போடும் செம்மஞ்சள் படங்கை வெட்டிப் பாய் தைத்தேன். "இஞ்சின் பூட்டுங்க" என்றாள் நயீமா. பாய்ப்படகுக்கு அது அவமானம் என்றேன்.

சென்ற வருடம் ஓகஸ்ட், ஒரு சனிக்கிழமை, அதிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு புறப்பட்டோம். பத்து மணிபோலக் கச்சான் எழுந்தது. மேற்கிலிருந்து வரும் அந்த மேல்காற்றுக்காகத்தான் நாங்கள் வயலில் நெல்லைக் குவித்துவைத்துக் காத்திருப்போம்; பதர் தூற்ற அதைவிட நல்ல காற்றில்லை. "ரஹ்மத்தான காத்து, அல்லாஹ்ட அருள்" என்று சொல்லிப் பாயை முழுதாக விரித்தேன். நெல்லையும் பதரையும் பிரிக்கிற காற்று, எங்களையும் கரையையும் பிரித்தது. பள்ளிவாசல் மினாராக்கள் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் இறங்கின. பாயை இறக்கினேன். அப்போதும் தோணி கிழக்கேதான் போனது. துடுப்பும் முறிந்தது.

நயீமா வாந்தியெடுத்துக் களைத்தாள்; இறக்கிய படங்கை அவளுக்கு நிழலாகக் கட்டினேன். தண்ணீர் ஒரு போத்தல்தான் மிச்சம். நண்பகல் லுஹருக்குப் பிறகு அவள் என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் என்னை உலுக்கியது.

மவுத்துக்கு முன், சாகும் நேரத்தில், செய்த பிழைகளை மன்னிக்கச் சொல்லி ஒருவரிடம் ஒருவர் பொருத்தம் கேட்பது எங்கள் வழக்கம். அவள் கையைப் பிடித்தேன். "புள்ள, நான் செஞ்ச பிழையெல்லாம் பொருந்திக்க."

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "இப்ப ஏலா. அது கனக்க இரிக்கி. முதல்ல துஆக் கேளுங்க."

கையேந்தினேன். மனனம் செய்த அரபு துஆ ஒன்றும் வரவில்லை. தமிழில்தான் அழுதேன். "யா அல்லாஹ், புத்தி கெட்டவன் நான். இவ இல்ல. இவளக் கரை சேத்திடு." எனக்காக எதுவும் கேட்க வெட்கமாக இருந்தது.

ஆமீன் சொல்லி முடிக்கவில்லை. காற்று படங்கைக் கிளப்பித் தண்ணீரில் எறிந்தது. அவளுக்கு நிழலாக இருந்ததும் போயிற்றே என்று விம்மினேன். அரை மணி கழித்து இஞ்சின் சத்தம் கேட்டது. ஆழ்கடலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கல்முனைப் பக்கத்து மீனவர், தம்பிராசா என்று பெயர். எங்கள் படங்கு அவருடைய தோணிக்குள் நனைந்து கிடந்தது.

"நல்ல படங்கு ஒண்டு மிதக்குது, எடுப்பமெண்டு இந்தப் பக்கம் திருப்பினன். பாத்தா ஆக்களும் இரிக்கிறீங்க" என்றார். "கச்சானுக்குள்ள பாய் விரிச்சது ஆரு சேர்?"

நயீமா விரலை என் பக்கம் நீட்டினாள். அவளுக்கு உயிர் திரும்பிவிட்டது என்று தெரிந்தது.

தம்பிராசா தோணியைக் கட்டி இழுத்துவர, மாலை அஸருக்கு ஒலுவில் மணலில் நெற்றி பதித்து ஸஜ்தாச் செய்தேன். அல்ஹம்துலில்லாஹ். இப்போதெல்லாம் துஆவை நான் ஒப்புவிப்பதில்லை, கேட்கிறேன். சகோதரர்களே, தன் பிழையால் வந்த துன்பம்தானே என்று வெட்கப்பட்டு அவனிடம் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். என் பிழையின் நீள அகலம் இப்போது உங்களுக்கும் தெரியும். அதற்குள்ளிருந்து கூப்பிட்டதையும் அவன் கேட்டான்.

இதையெல்லாம் கண்கலங்க மச்சானிடம் சொல்லி, "எண்ட துஆவ அல்லாஹ் ஏத்துக்கிட்டான்" என்றேன்.

மச்சான் சொன்னார்: "ஓம் மச்சான். அல்லாஹ் எங்கட ராத்தாவக் காப்பாத்தினான். நீங்களும் அந்தத் தோணியில இருந்திரிக்கீங்க."