ஒரு பில்லுக்கு நாலு பேக்

கௌசல்யா, தினேஷ், உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கௌசல்யா அடுத்த மாதம் தேனாம்பேட்டையில் வேலைக்குச் சேரப்போகிறாள். தினேஷும் இன்னும் இரண்டு வருடத்தில் சம்பாதிக்க ஆரம்பித்துவிடுவான். கையில் சம்பளம் வந்ததும் எதை எங்கே வாங்குவது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியில் உங்கள் அப்பா இரண்டு வருடம் முட்டாளாக இருந்தான். பத்தாவது வரை படித்தவன் நான், அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துச் சிரித்தால் பரவாயில்லை. அம்மாவிடம் மட்டும் படித்துக் காட்டாதீர்கள். அவளுக்கு எல்லாம் தெரியும், மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிப்பாள்.

1. கடிதம்

அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் 'சேல்ஸ்' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறீர்கள். சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் கம்பெனிகளின் சரக்கை எடுத்துக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு ஏஜென்சியில் நான் லைன் சேல்ஸ்மேன். திங்கள் மயிலாப்பூர், செவ்வாய் மந்தைவெளி, புதன் அடையாறு என்று நாளுக்கு ஒரு லைன். ஒரு லைனில் நாற்பது மளிகைக் கடை இருக்கும். ஒவ்வொரு கடையிலும் ஏறி ஆர்டர் எடுக்க வேண்டும். மறுநாள் எங்கள் வேன் வந்து சரக்கை இறக்கும். மாத டார்கெட்டை முடித்தால் சம்பளத்துக்கு மேல் இன்சென்டிவ் உண்டு. முடிக்காவிட்டால் சூப்பர்வைசர் பாபுவின் வாய்க்கு வேலை.

இருபத்திரண்டு வருடமாக நமக்குச் சோறு போட்டவை இந்தச் சின்னக் கடைகள். பெரிய மார்ட் வந்த பிறகு என் லைனிலேயே மூன்று கடைகளை மூடிவிட்டார்கள். ஒன்று மொபைல் கடையானது, இன்னொன்றில் மோமோ விற்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் வீட்டில் அந்தச் சட்டத்தைப் போட்டேன். மார்ட்டில் காலடி வைக்கக் கூடாது, எல்லாச் சாமானும் மந்தைவெளி அண்ணாச்சி கடையில்தான். அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கோட்டூர்புரத்துக்கு வீடு திரும்பும் வழியில்தான் அவர் கடை.

அதே சமயத்தில்தான் நான் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டேன். மூன்று மாதம் லைனுக்குப் போகவில்லை. அம்மாவின் மூன்று பவுன் செயினை அடகு வைத்துச் சமாளித்தோம். அப்புறம் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன். போன வருடம் ஒரு நாள் அடகுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மூன்று மாதத்துக்குள் மீட்காவிட்டால் செயின் ஏலத்துக்குப் போய்விடும்.

அம்மா ஒரு கையில் அந்தக் கடிதத்தையும் மறு கையில் அண்ணாச்சி கடைச் சீட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் மார்ட் நோட்டீஸ் விரித்துக் கிடந்தது.

"இத்த பாருய்யா. எண்ணெய், பருப்பு, சோப்பு, பேஸ்ட்டு, எல்லாத்துலயும் ஜாஸ்தி கீது. மாசத்துக்குத் தொள்ளாயிரம் ரூவா. கட்ற வட்டில பாதி இதுலயே போவுது."

"அந்தக் கடைங்கள நம்பித்தான நான் பொழைக்கிறேன்? எல்லாரும் மார்ட்டுக்குப் போயிட்டா நான் யார்கிட்ட போய் ஆர்டர் எடுக்கறது?"

"ஊரே ஏசில நின்னு வாங்கிகினு கீது. நம்ம ஒரு ஊட்டுத் துட்டுலதான் அண்ணாச்சி கடை நிக்குதா? சரி, நீ அவருக்காக நஷ்டப்பட்டுகினு கீறன்னு அவருக்காச்சும் தெரியுமா?"

"அதெல்லாம் சொல்லிக் காட்டக் கூடாது."

"சொல்லிக் காட்டாத. பால்ல தண்ணி ஊத்தறது நான்தான?"

நீங்கள் இரண்டு பேரும் போனைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தீர்கள். தினேஷ் சிரித்தது எனக்குக் கேட்டது.

செயினை மீட்பது என் பொறுப்பு, மூன்று மாத இன்சென்டிவை அப்படியே எடுத்து வைக்கிறேன், ஆபீசில் கொஞ்சம் அட்வான்ஸ் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

2. ஓடாத சோப்பு

அந்த இன்சென்டிவ் வரவில்லை. முதல் மாதமும் வரவில்லை, இரண்டாம் மாதமும் வரவில்லை. மந்தைவெளி லைன்தான் கழுத்தை அறுத்தது. மாதம் பன்னிரண்டு பெட்டி சோப்பு எடுக்கிற அண்ணாச்சி மூன்று பெட்டியோடு நிறுத்திக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, ஒரேயடியா கொறச்சிட்டீங்க?"

"சோப்பு ஓட மாட்டேங்கு தம்பி. எல்லாவனும் போன்ல ஆர்டர் போடுதான். நான் என்ன செய்ய?"

நம்பினேன். பாவமாகவும் இருந்தது. அந்த மாதம் வீட்டுக்கு இரண்டு சோப்பு கூடுதலாக அவரிடமே வாங்கினேன். நான் விற்கிற சோப்பை நானே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

குடோனில் பாபு எல்லார் முன்னாலும் கேட்டான். "இன்னா தலைவா, மந்தைவெளில ஜனங்க குளிக்கிறதையே நிறுத்திட்டாங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். என்னைவிட பன்னிரண்டு வயது சின்னவன். அட்வான்ஸ் பேச்சை எடுக்காமலே திரும்பி வந்தேன்.

அன்று வீட்டில் அம்மா கத்தவில்லை. "இந்த மாசச் சாமானுக்கு நீ மார்ட்டுக்குப் போறியா, நான் போகட்டா?" என்று மட்டும் கேட்டாள். என் லைன் கடைக்காரர் யாராவது அவளை அங்கே பார்த்துவிட்டால்? நானே போகிறேன் என்றேன்.

3. மார்ட்

ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்ததுமே போனேன். அடையாளம் தெரியக் கூடாது என்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே நுழைந்தேன். வாசலில் செக்யூரிட்டி கையை நீட்டித் தடுத்தார்.

"சார், ஹெல்மெட்ட கழட்டுங்க. கேமராவுல மூஞ்சி தெரியணும்."

"தலைவலிங்க."

"தலைவலிக்கு யாராச்சும் ஹெல்மெட் போடுவாங்களா சார்?"

கழற்றினேன். தலையைக் குனிந்தபடியே லிஸ்டில் இருந்ததை எடுத்துக்கொண்டே போனேன். எங்கள் கம்பெனி சோப்பு இருக்கிற இடம் வந்தபோது கால் தானாக நின்றது. மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று பட்டை சுற்றிய பேக். அந்தப் பேக் எங்கள் குடோனுக்கு வராது. மார்ட்டுகளுக்கென்று கம்பெனி தனியாக அனுப்புவது. கணக்குப் போட்டுப் பார்த்தால், நான் கடைக்காரருக்குக் கொடுக்கிற விலையைவிட அங்கே வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விற்கிற விலை குறைவு. இப்படி என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். இத்தனை நாள் அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் போகாமல் இருந்தேனோ என்னவோ.

பில் போடும் வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் மாஸ்க் போட்டுக்கொண்டு நின்றார். இப்போது யாரும் மாஸ்க் போடுவதில்லை. அவருடைய தள்ளுவண்டி முழுக்க அதே பட்டை சுற்றிய சோப்பு.

"சார், ஆஃபர் சோப்பு ஒரு பில்லுக்கு நாலு பேக்தான். மீதிய அப்படி வெச்சிடுங்க" என்றது பில் போடும் பெண்.

"யம்மா, எங்களுது பெரிய குடும்பம்லா. கொஞ்சம் பாத்துப் போடும்மா."

அந்தக் குரலை மந்தைவெளியில் எந்த மூலையில் கேட்டாலும் எனக்குத் தெரியும். நான் சட்டென்று சிப்ஸ் மாட்டியிருந்த பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"ஓய் தம்பி! நல்ல நேரத்துல வந்தீரு!"

அண்ணாச்சியின் முகத்தில் வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. நாலு பேக்கை எடுத்து என் கூடையில் வைத்தார். ரூபாயை என் கையில் திணித்தார். "இத உம்ம பில்லுல போடும்" என்றார்.

எடுத்துத் திருப்பி வைத்திருக்க வேண்டும். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள், அந்தப் பெண் என்னையே பார்க்கிறது. என் கையே அந்த நாலு பேக்கையும் எடுத்து மேசைமேல் வைத்தது. அவருக்காக என் பில்லில் மார்ட் சோப்பை வாங்கினேன். என் இரண்டு மாத இன்சென்டிவ் எங்கே போனது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

4. வண்டி நிறுத்துமிடத்தில்

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"சோப்பு ஓடலன்னு சொன்னீங்களே அண்ணாச்சி?"

"ஒம்ம சோப்பு ஓடல. இது ஓடுது. தெனம் வீட்டுல ஒரு ஆளு வந்து நாலு பேக் எடுத்துட்டுப் போறோம்."

"ரெண்டும் ஒரே சோப்பு!"

"வெல ஒண்ணா? சொல்லும் பாப்போம். பட்டையப் பிரிச்சு தனித்தனியா வித்தா எனக்கு ஒண்ணுக்கு நாலு ரூவா நிக்கும். ஒம்ம வேன்ல எறக்குனா ஒண்ணரை ரூவா. நீரா இருந்தா எத எடுப்பீரு?"

இரண்டு வருடமாக ஒரு வார்த்தை சொல்லாதவன் எல்லாவற்றையும் கொட்டினேன். மாதம் தொள்ளாயிரம் ரூபாய் நஷ்டப்பட்டது, வீட்டில் நடக்கிற சண்டை, அடகில் கிடக்கிற செயின், ஏலக் கடிதம், பாபு கேட்ட கேள்வி. "எல்லாம் எதுக்கு? உங்க கடை நிக்கணும்னு!" என்று கத்தினேன். பக்கத்தில் வண்டி எடுக்க வந்த யாரோ ஒரு பெண்மணி நின்று வேடிக்கை பார்த்தார்.

அண்ணாச்சி மாஸ்க்கை இறக்கினார். அவர் முகத்தில் அப்போதுதான் கோபம் வந்தது.

"நான் கேட்டனா?"

நான் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன்.

"சொல்லும் வே, நான் ஒம்மகிட்ட கேட்டனா? வழியில கடை இருக்குன்னு வாரீருன்னுல்லா நெனச்சேன். எனக்குப் பிச்சை போடுதீருன்னு தெரியாதே. நஷ்டம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா துவரம்பருப்ப நான் மூட்ட வெலைக்கே போட்டுருப்பேன். அரிசி, பருப்பு, புளி, மெளகாதான் எனக்குக் கஞ்சி ஊத்துது. நீரு அதயெல்லாம் கால் கிலோ கால் கிலோவா வாங்கிட்டு, கம்பெனி சாமானா அள்ளிட்டுப் போறீரு. அதுல எனக்கு என்னத்த நிக்கி?"

இருபத்திரண்டு வருடம் கடைகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். என்ன ஆர்டர், எத்தனை பெட்டி என்று கேட்டிருக்கிறேன். எந்தச் சரக்கில் உங்களுக்குப் பிழைப்பு ஓடுகிறது என்று ஒரு கடைக்காரரிடம்கூடக் கேட்டதில்லை. எனக்கு வேண்டியது என் ஆர்டர்.

அண்ணாச்சி ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்துவிட்டு, "அந்தச் சோப்பயெல்லாம் கொஞ்சம் தூக்கி வையும்" என்றார். தூக்கி வைத்தேன்.

5. அதே வார்த்தை

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ஹெல்மெட்டில் ஆரம்பித்துச் சிரித்தவள், மாஸ்க் வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் அண்ணாச்சி கேட்டதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"நல்லாத்தான கேட்டுகீறாரு?"

"நீயும் அவர் பக்கமா? உன் செயின மீட்கத்தான நான் நாயா அலையறேன்?"

"நான் கேட்டனா?"

காலையில் கேட்ட அதே வார்த்தை.

"செயின மீட்டுக் குடுன்னு நான் எப்பனா கேட்டனா? தங்கம் இன்னா வெல விக்கிதுன்னு பேப்பர்ல பாக்கறியா இல்லியா? அத வித்தா கடனும் முடியும், கையில மீதியும் நிக்கும். ரெண்டு வருஷமா கழுத்துல இல்லாத செயினுக்கு வட்டி கட்டிகினு கீறோம். இதுல ரெண்டு பேருமா சண்ட வேற. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா அப்பவே வித்துடுன்னு சொல்லியிருப்பேன்."

அவளுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. சொல்லிவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டதைப் பார்த்தேன். ஆனால் அவள் முடிவு செய்துவிட்டாள்.

இப்போது நம் வீட்டு அரிசி, பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் அண்ணாச்சி கடையில் மொத்தமாக வருகின்றன. பருப்புக்கு அவர் சொன்ன விலையையே போடுகிறார். கம்பெனிச் சாமானை அம்மா மார்ட்டில் வாங்குகிறாள். அண்ணாச்சியிடம் நான் இப்போது சோப்பு ஆர்டர் கேட்டு நச்சரிப்பதில்லை. மார்ட்டில் கிடைக்காத இரண்டு ரூபாய் ஷாம்பு பாக்கெட், ஐந்து ரூபாய் பிஸ்கட் என்று எடுக்கச் சொல்கிறேன். அவரும் எடுக்கிறார். டார்கெட் ஒரு மாதம் முடிகிறது, ஒரு மாதம் முடிவதில்லை. பாபுவும் அவன் வாயும் அப்படியேதான் இருக்கிறார்கள். ஏஜென்சியைவிட மார்ட்டுக்குக் குறைந்த விலையில் கொடுக்கிற கம்பெனியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதை என்னால் மாற்ற முடியவில்லை.

பக்கத்துக் கடை பிழைக்க வேண்டும் என்று நினைப்பது தப்பில்லை. நீங்களும் நினையுங்கள். ஆனால் அந்தக் கடைக்காரரிடம் உங்களுக்கு எதில் லாபம் என்று கேளுங்கள். உங்கள் கையை எவ்வளவு கடிக்கிறது என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். உங்கள் நல்ல மனசுக்கு வீட்டில் யார் காசு கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களைக் கேட்காமல் செய்யாதீர்கள். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

செயினை விற்கத் தி. நகருக்கு நான் மட்டும் போனேன். அடகு நகையை அவர்களே மீட்டு விலைக்கு வாங்கிக்கொள்ளும் கடையில் ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கடன் போக மிச்சத்தைச் சட்டைக்குள் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ரங்கநாதன் தெருவுக்குப் போகும் வழியில் ஒரு கவரிங் கடை. வெளியிலேயே கம்பியில் வரிசையாகச் செயின்கள் தொங்கின. ஒன்று கிட்டத்தட்ட அதே மாதிரி இருந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். முந்நூற்றைம்பது ரூபாய். கையில் எடுத்துக்கொண்டு போய் அம்மா முன்னால் நீட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்தபடியே பணத்தை எடுத்துவிட்டேன்.

"பேக் பண்ணட்டுமா சார்?" என்று கேட்டது கடைப் பெண்.

"வீட்ல கேட்டுட்டு வரேம்மா."

அந்தப் பெண் நம்பவில்லை. ஆர்டர் போட விருப்பமில்லாத கடைக்காரர்கள் இருபத்திரண்டு வருடமாக என்னிடம் சொல்லி அனுப்புகிற வார்த்தை அது. நானும் நம்பியதில்லை. பணத்தைத் திரும்ப உள்ளே வைத்தேன். செயின் சிக்கிக்கொள்ளாமல் பிரித்து, எந்தக் கொக்கியில் இருந்ததோ அதிலேயே மாட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.